ஆறு குத்துவிளக்குகளின் நிறை குறைந்த விடயம்

அனுப்புநர்:
திருமதி சிவகௌரி தபோதரன்,
புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக் குழு,
ஹம், ஜெர்மனி.

பெறுநர்:
திரு. க. கனகலிங்கம் அவர்கள்,
தலைவர்,
கலைமுகில் தமிழர் மன்றம்,
ஹம்.

விடயம்: மன்றத்தின் பழைய கலியாணச் சாமான்களைப் பழைய உலோகமாக விற்றதில் நிறை குறைந்து விலை கூடியது பற்றியும், திருமதி தேவமலர் அவர்கள்மேல் விழுந்த சொல்லை நீக்குவது பற்றியும், மீதிச் சாமான்களை விற்க எங்களுக்கே அனுமதி தருவது பற்றியும்.

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா,

வணக்கம். தங்களை நான் இதுவரை ஐயா என்று கூப்பிட்டதில்லை. கனகலிங்கம் அண்ணை என்றே பழகிவிட்டது. மனு என்றால் ஐயா என்றுதான் எழுத வேண்டும் என்று, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற லக்சிகா சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கடிதம் முடியும்வரை தாங்கள் ஐயா. புதன்கிழமை சாப்பிட வரும்போது மறுபடியும் அண்ணை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இதில் உள்ள முறை லக்சிகாவுடையது, சொல் என்னுடையது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் சொல்லும் குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், விசாரிக்கவும்.

1. மண்டபத்துக்குக் கீழே நிலவறையாக இருக்கிற கெல்லர் அறையை இந்த மாத முடிவுக்குள் வெறுமையாக்கித் தர வேண்டும் என்று வீட்டுக்காரர் அறிவித்தது தாங்கள் அறிந்ததே. அந்த அறையில் மன்றத்தின் கலியாணச் சாமான்கள் கிடந்தன. ஆறு பெரிய குத்துவிளக்குகள், செம்புக் குடங்கள், மணவறைத் தூண்கள், அலுமினியக் கிடாரங்கள், எவசில்வர் தட்டங்கள், மேடைக்கு இழுத்த வயர்கள். ஒரு காலத்தில் இவற்றை வாடகைக்கு எடுக்க ஆட்கள் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். இப்போது எங்கள் பிள்ளைகளுக்குப் பூ வைத்த சுவரும் வெள்ளைக் கதிரையும் வேண்டும். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, என் மகளும் அப்படித்தான் கலியாணம் கட்டினாள். விளக்குகளில் தண்டு வெடித்தது, தட்டு நெளிந்தது, ஒட்டி ஒட்டிக் களைத்தது என்று ஒன்றுகூடத் திரும்ப ஏற்றுகிற நிலையில் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் உலோகமாக விற்று, வருகிற காசில் புதன்கிழமைக் குசினிக்கு ஒரு புது அடுப்பு வாங்குவது என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்தோம். தாங்களே கையை முதலில் உயர்த்தினீர்கள்.

2. அடுப்பின் நிலையை இங்கே ஒரு வரியில் எழுதுகிறேன். நாலு வாயில் இரண்டு எரிவதில்லை. மூன்றாவது, தன் மனம்போல எரியும். தனியாக இருக்கிற முதியவர்களும், இரவு வேலை முடித்து வருகிற ஆட்களும் ஒரு நாளாவது கூடியிருந்து சோறு கறி சாப்பிடட்டும் என்று தொடங்கின சாப்பாடு இது. சோறு வேகும்வரை அவர்கள் கோப்பியைக் குடித்துப் பசியைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

3. விற்கும் பொறுப்பை எடுத்தவர்கள் நாலு பேர். நான், என் கணவர் தபோதரன், வான் வண்டி வைத்திருக்கிற றெஜினோல்ட் தம்பி, கெல்லர் அறைப் பூட்டின் திறப்பை மன்றம் தொடங்கின நாளிலிருந்து வைத்திருக்கிற தேவமலர் அக்கா. தேவமலர் அக்கா அந்த அறையை எப்படி வைத்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும். வாடகைக்குப் போன கரண்டி ஒன்று திரும்பி வராவிட்டால் பொம்பிளை வீட்டுக்காரரையும் மாப்பிள்ளை வீட்டுக்காரரையும் தேனிலவுவரை துரத்துகிற மனுசி. அவர் பார்த்த சாமானில் ஒரு ஆணி குறைந்ததில்லை. இந்த வசனத்தைத் தாங்கள் இரண்டு தரம் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், மனுவின் மீதிப் பகுதி இதில்தான் நிற்கிறது.

4. முதற்பயணம் பற்றி. சாமான் வெளியே வந்ததும் எங்கள் பெண்கள் எல்லாருக்கும் ஒரே வெட்கம். விளக்கெல்லாம் எண்ணெயும் கரியும். "இந்தக் கோலத்திலயோ வெள்ளைக்காரனுக்கு முன்னால கொண்டு போறது? சபை சந்திக்குப் போற சாமானெல்லோ" என்று கேட்டவர்களில் தங்கள் வீட்டுக் கஜந்தி அக்காவும் ஒருவர் என்பதைப் பணிவுடன் சேர்த்துக்கொள்கிறேன். உடனே என் கணவர் பவுமார்க்ட் சாமான் கடைக்கு ஓடிப்போய்த் தங்கநிறப் பூச்சு டப்பாக்கள் வாங்கி வந்து, ஆறு விளக்குக்கும் எல்லாக் குடத்துக்கும் அடித்தார். தன் மீசைக்கும் கொஞ்சம் அடித்துக்கொண்டார். விளக்குகள் பொம்பிளை மாதிரி மினுங்கின. உருக்கப் போகிற சாமானை ஒப்பனை செய்து அனுப்புகிற சனம் இந்த நாட்டிலேயே நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

5. துறைமுகப் பக்கம் இருக்கிற பழைய உலோகம் வாங்கும் இடத்தில் ஹெர் விட்டெக் என்று ஒரு மேற்பார்வையாளர். நல்ல மனிதர், வயிறு குலுங்கச் சிரிக்கிறவர். முதலில் அவர் நாங்கள் ஏதோ நாடகக் கம்பனி என்று நினைத்தார். தங்கநிறத்தைப் பார்த்ததும் மேடைச் சாமான், பிளாஸ்டிக் என்று நினைத்துவிட்டார். பிறகு அரத்தால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துப் பித்தளைதான் என்று ஒத்துக்கொண்டார். விளக்கின் அடியைச் சுத்தியலால் தட்டினார். பித்தளை "டண்" என்று சொல்ல வேண்டும். இது "டொக்" என்றது. அவர் என்னவோ கேட்க, றெஜினோல்ட் சிரிப்பை அடக்கமாட்டாமல் எனக்குச் சொன்னார்: "அக்கா, இது விளக்கோ, வீட்டு அத்திவாரமோ எண்டு கேக்கிறார்."

6. உள்ளே சீமெந்து இருந்தது, ஐயா. விளக்கு சரியாமல் இருக்க அடியில் சீமெந்து நிறைத்திருந்தது. அதை யார் நிறைத்தார் என்பதைப் பின்னால் எழுதுகிறேன், தயவுசெய்து இப்போதே கடைசிப் பக்கத்தைப் பார்க்க வேண்டாம். ஹெர் விட்டெக் விளக்குகளையும் குடங்களையும் ஒன்றாகத் தராசில் வைத்தார். நூற்றுப் பதினெட்டுக் கிலோ. பூச்சு இருக்கிறது, உள்ளே கல் இருக்கிறது, செம்பும் பித்தளையும் கலந்து கிடக்கிறது, ஆகவே கலப்புச் சாமான் விலைதான் தர ஏலும் என்றார். சொன்ன விலையைக் கேட்டு என் கணவர் பூச்சு டப்பாவின் விலையை மனதில் கூட்டிப் பார்த்தார், முகம் அப்படியே சொன்னது. நாங்கள் விற்கவில்லை. நிறைத்துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு, மினுங்கின விளக்குகளை மறுபடி வானில் ஏற்றிக்கொண்டு வந்தோம். றெஜினோல்ட் அந்தத் துண்டைப் படம் எடுத்து மன்றத்தின் வாட்ஸ்அப்பில் போட்டார். நூற்றுப் பதினெட்டு என்ற எண் அன்றைக்கே ஹம் முழுவதும் பரவியது.

7. போகும்போது ஹெர் விட்டெக் எங்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒரு சின்னக் காந்தத்தைத் தந்து, பிரித்துக் கொண்டு வந்தால் ஒவ்வொன்றுக்கும் அதன் விலை என்றார். காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாத எவசில்வருக்கு வேறு விலை. செம்பு தனி, பித்தளை தனி. வயரின் தோலை உரித்தால் செம்பு, உரிக்காவிட்டால் வயர். அலுமினியத்தில் இரும்பு ஆணி இருந்தால் அது அலுமினியமே இல்லை என்பது போல விலை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை ஐயா, சோற்றுக்குள் கல் பொறுக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும். ஆனால் கை வேண்டும், ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். அது எங்களிடம் இருந்தது.

8. றெஜினோல்டின் கராஜுக்கு முன்னால் நடந்த வேலையைத் தாங்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் கலியாண வீட்டுக்கு மரக்கறி வெட்டுகிற மாதிரி வட்டமாக இருந்தோம். நடுவில் வயர்க் குவியல். தேங்காய் திருவுகிற வேகத்தில் பெண்கள் தோல் உரித்தார்கள். தன் பூச்சைத் தானே கழற்றட்டும் என்று என் கணவருக்குத் தண்டனை கொடுத்தோம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அடித்ததைவிட நாலு மடங்கு நேரம் எடுத்துக் கழற்றினார். "சிவகௌரி, இனி எனக்கு மோதிரம்கூட வெள்ளியிலதான் வேணும், தங்க நிறத்தைக் கண்ணிலயும் காட்டாதை" என்றார். மோதிரத்துக்கு இப்ப என்ன அவசரம் என்று தேவமலர் அக்கா கேட்டார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பைச் சாட்சிக்கு எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு நான் அதைக் கேட்கவில்லை.

9. கணக்காளர் திரு. அனந்தராமன் அவர்களும் அங்கே வந்தார். டார்ம்ஸ்டாட்டில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்த இந்தியத் தம்பி. தட்டங்களுக்கு நடுவே கிடந்த சின்னக் காமாட்சி விளக்குகளைக் கண்டதும் அவர்தான் தடுத்தார். "அக்கா, இதை ஏன் ஸ்கிராப்ல போடறீங்க? டார்ம்ஸ்டாட்ல ஸ்டூடண்ட்ஸ் ரூமுக்கு ஒண்ணு கெடைக்காதான்னு தேடிட்டு இருக்காங்க. நான் குரூப்ல போட்டா ஒரே நாள்ல போயிடும்" என்றார். அப்படியே போனது. உலோகத்தின் விலையைவிட விளக்கின் விலை கூட என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டோம். அந்தக் காசை அவர் நேராக மன்றத்தின் கணக்கில் போட்டார். அவரைப் பற்றி இந்த மனுவில் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முன்கூட்டியே எழுதுகிறேன்.

10. பிறகு இரண்டாவது பயணம். அதற்கு முன் லக்சிகா மூன்று இடங்களுக்குத் தொலைபேசி எடுத்து அன்றைய விலை கேட்டார். ஹெர் விட்டெக்கின் விலைதான் நல்லது என்று தெரிந்தும், மற்ற இருவர் சொன்னதை அவருக்கும் சொன்னோம். கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். பித்தளையையும் செம்பையும் தனித்தனியாக வைத்தோம். விளக்கைத் தட்டினார். "டண்" என்றது. கராஜில் நின்று வயர் உரித்த எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இரண்டும் சேர்த்து எண்பத்தொரு கிலோ. ஆனால் வந்த காசு, நூற்றுப் பதினெட்டுக் கிலோவுக்கு முதலில் சொன்ன காசின் இரண்டு மடங்குக்கும் மேல். அடுப்பின் அரைவாசி அந்த ஒரு பயணத்திலேயே வந்துவிட்டது, ஐயா. திரும்பி வரும்போது வானுக்குள் நாங்கள் நாலு பேரும் பாட்டுப் படித்தோம். றெஜினோல்ட் தேவாரமும் படித்தார், அவர் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்.

11. இனிக் குறைக்கு வருகிறேன். இரண்டாவது துண்டைக் கணக்காளரிடம் கொடுத்தபோது அவர் இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, காசு கூடியிருக்கு, சந்தோஷம். ஆனா முப்பத்தேழு கிலோ எங்க போச்சு? ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. அதைக் கேட்காமல் விட்டிருந்தால்தான் நான் அவரைப் பற்றி மனு எழுதியிருப்பேன். ஆனால் நாங்கள் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. தேவமலர் அக்காவை நான் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பொறுங்கோ தம்பி, ஆனி மாதம் சொல்லுறம்" என்றோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் தாங்கள்தான்.

12. அன்று பின்னேரமே வாட்ஸ்அப்பில் ஒருவர் எழுதினார்: "முப்பத்தேழு கிலோ பித்தளை உருகி ஓடிச்சுதோ, இல்லாட்டித் திறப்பு வைச்சிருக்கிற ஆக்களோட வீட்டுக்கு நடந்து போச்சுதோ?" கீழே சிரிக்கிற முகங்கள். அவருடைய பெயரை நான் இங்கே எழுத மாட்டேன், புதன்கிழமை அவருக்கும் சோறு போடுகிறவள் நான். பகிடி எனக்குப் பிடிக்காத சாமான் இல்லை என்பது ஹம்மில் எல்லாருக்கும் தெரியும். பகிடி என்றால் அதைக் கேட்கிற ஆளும் சிரிக்க வேண்டும். தேவமலர் அக்கா இதை வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்து வாசித்தார். அடுத்த புதன்கிழமை குசினிக்கு வந்து, அரிசிப் பெட்டியின் மேல் கெல்லர் திறப்பை வைத்துவிட்டு, "இதை நீ வைச்சிரு பிள்ளை. எனக்கு இனி ஏலாது" என்றார். கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனார், ஐயா. யாரும் கேட்கவில்லை. தானாகவே திறந்து காட்டினார்.

13. அதற்குப் பிறகு நடந்த இரண்டு விடயங்கள்:

(அ) விசாரணை முடியும்வரை மீதிச் சாமான் விற்பதை மன்றத்தின் நிர்வாக சபை நிறுத்தியது. இடையில், வீடுகளை வெறுமையாக்கித் தருகிற ஒரு வியாபாரி, எல்லாவற்றையும் காசு வாங்காமல் ஏற்றிச் செல்வதாகச் சொன்னதைச் சபை ஏற்று, வரும் சனிக்கிழமைக்கு அவரோடு நாள் குறித்து டெர்மின் வைத்திருக்கிறது. அவர் தன் தொழிலைச் செய்கிறார், அவர்மேல் பிழை இல்லை. ஆனால் மணவறையின் அலுமினியத் தூண்களையும், உரித்து வைத்த செம்புக் கம்பியையும் ஒருவர் சும்மா ஏற்றித் தர வருகிறார் என்றால், அவருக்கு எங்கள்மேல் அவ்வளவு பாசம் எப்படி வந்தது என்று சபை ஒருக்கால் யோசித்திருக்கலாம்.

(ஆ) சென்ற புதன்கிழமை தாங்கள் சொதியைக் குடித்துவிட்டு "இதென்ன தண்ணி மாதிரி இருக்கு" என்று கேட்டீர்கள். அது நான் வைத்த சொதி. தேவமலர் அக்கா இல்லாத குசினியில் அப்படித்தான் இருக்கும். தங்கள் நாக்குக்குத் தெரிந்தது தங்கள் சபைக்கும் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

14. இப்போது அந்த முப்பத்தேழு கிலோ. பூச்சுக் கழற்றின சனிக்கிழமை, என் கணவர் முதல் விளக்கைக் கவிழ்த்து வைத்து உளியால் சுற்றித் தட்டினார். குழலிலிருந்து புட்டு வருகிற மாதிரி, சீமெந்துக் கட்டி முழுதாக வெளியே வந்து விழுந்தது. அதன் தலையில் ஏதோ மினுங்கியது. குனிந்து பார்த்த றெஜினோல்ட், "அக்கா, ஓடி வாங்கோ, விளக்கு முட்டை போட்டிருக்கு!" என்று கத்தினார். முட்டை இல்லை. ஒரு மார்க் நாணயம். பழைய ஜெர்மன் மார்க். இரண்டாவது விளக்கிலும் ஒன்று. மூன்றாவதிலும். ஆறு கட்டி, ஆறு நாணயம். எல்லாம் சீமெந்துக்குள் பாதி புதைந்து, வருடம் பொறித்த பக்கம் மேலே பார்த்தபடி.

15. எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை. தேவமலர் அக்கா மட்டும் முதலில் யோசித்தார், பிறகு நிலத்தில் இருந்து சிரித்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆனி மாதம், தங்கள் கலியாணத்துக்கு முதல் நாள். மண்டபத்தில் விளக்கை வைத்துப் பார்க்கும்போது தங்கள் மாப்பிள்ளைத் தோழன் வயரில் கால் தடக்கி ஒரு விளக்கைச் சரித்தார், அது மணவறைத் துணியில் விழுந்தது. நாளைக்குப் பொம்பிளையின் கூறைச்சேலையில் விழுந்தால் என்ன செய்வது என்று தாங்கள் பதறினீர்கள். அப்போது தாங்கள் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் ஓடிப்போய்ச் சீமெந்துப் பை கொண்டுவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆறு விளக்கையும் கவிழ்த்து நிறைத்தீர்கள். சீமெந்து ஊற்ற முதல், "காசு போடாமல் அத்திவாரம் போடக் கூடாது" என்று சொல்லி, பொக்கெற்றைத் துழாவி ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க் வைத்து, கற்பூரமும் காட்டினீர்கள். கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது தேவமலர் அக்கா. விளக்குக்கு அத்திவாரம் போட்ட மாப்பிள்ளை உலகத்தில் தாங்கள் ஒருவர்தான் இருக்க வேண்டும். ஒன்று சொல்ல வேண்டும்: அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் ஒரு விளக்கும் சரியவில்லை. ஒரு சேலையும் எரியவில்லை. அத்தனை பிள்ளைகள் ஓடி விளையாடியும்.

16. வரும் ஆனியோடு தங்களுக்கும் கஜந்தி அக்காவுக்கும் முப்பது வருடம். அதனால்தான் கட்டிகளை உடைக்கவில்லை, எறியவில்லை. கழுவித் துடைத்து, கராஜில் போர்வையால் மூடி வைத்தோம். அன்றைக்கு ஒரு மேசையில் வைத்து, பூப் போட்டு, தங்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது தேவமலர் அக்காவின் யோசனை. "அண்ணை மறந்திருப்பார், காட்டினால் அழுவார் பார்" என்றார். கணக்காளர் கேட்டபோது நாங்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தது இதற்குத்தான். தங்களுக்காக ஒரு சந்தோசத்தை ஒளித்து வைத்த மனுசிக்குத்தான் பித்தளையை ஒளித்து வைத்ததாகப் பெயர் வந்தது. இந்த மனுவை எழுதுவதால் அந்தச் சந்தோசம் கெட்டுப்போகிறது. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது நான் இல்லை.

17. நிறை பற்றிச் சந்தேகம் இருந்தால் கட்டிகளை எந்தத் தராசிலும் வைக்கலாம். நாங்கள் வைத்துப் பார்த்தோம், முப்பத்தாறு கிலோவும் கொஞ்சமும். மீதி, சொரிந்த தூளும், என் கணவரின் பூச்சும், கரியும். இந்தக் கட்டியை நாங்கள் நேற்றைக்கு வார்த்தோம் என்று யாராவது சொன்னால், நாணயத்தில் வருடம் இருக்கிறது, பார்க்கட்டும். மார்க் கடையில் ஓடாமல் போய் எத்தனை காலம்! கணக்காளர் தம்பிக்கு நேற்று நேரில் காட்டினேன். நாணயத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைவிட நல்ல வவுச்சர் எனக்கு எந்த ஆடிட்லயும் கெடைக்காது" என்று சொல்லி, தன் கேள்வி தீர்ந்தது என எழுதிக் கையொப்பமும் வைத்தார். மார்க்கை இப்போதும் மத்திய வங்கியில் மாற்றலாமாம், ஒன்றுக்கு அரை யூரோ வரும் என்றும் சொன்னார். நாங்கள் விலை பார்க்காமல் வைத்திருக்கிற ஒரே உலோகம் அதுதான்.

18. ஐயா, நாங்கள் பெருமையாகத்தான் இருக்கிறோம், அதை மறைக்கவில்லை. பகலில் ஒருவர் முதியோர் இல்லத்தில் பாத்திரம் கழுவுகிறோம், ஒருவர் ஆசுபத்திரித் துணி தோய்க்கிறோம், ஒருவர் பொதி ஏற்றுகிறோம். கிடைத்த சனிக்கிழமையில் கையில் வெட்டுக்காயத்தோடு மன்றத்தின் சொத்தை ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்காக்கினோம். நிறை குறையக் குறைய விலை ஏறும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டோம். இதைச் செய்ததற்குப் பொன்னாடை வேண்டாம். செய்தவரின் பெயர் சுத்தமாக இருந்தால் போதும். பித்தளையில் பூசினதை என் கணவர் கழற்றிவிட்டார். தேவமலர் அக்காவின் பெயரில் பூசினதைக் கழற்றத் தங்களால் மட்டுமே முடியும், ஏனென்றால் அந்தச் சீமெந்துக்கு உயிரோடு இருக்கிற முதற்சாட்சி தாங்கள்.

ஆகவே தங்களிடம் பணிவோடும், கொஞ்சம் உரிமையோடும் கேட்டுக்கொள்வது:

வரும் புதன்கிழமை, சாப்பாட்டுக்கு எல்லாரும் கூடியிருக்கும்போது, சோறு போடுவதற்கு முன், தாங்கள் எழுந்து நின்று அந்தச் சீமெந்தை யார் நிறைத்தது என்று சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் போதாது. சொல் வந்த வழி வாட்ஸ்அப்பாக இருந்தாலும், அது விழுந்தது ஒரு மனுசியின் முகத்தில்.

சனிக்கிழமை வர இருக்கும் வியாபாரிக்கு நன்றி சொல்லி அந்த டெர்மினை நிறுத்த வேண்டும். கெல்லர் அறையைச் சொன்ன திகதிக்கு முன்னரே நாங்கள் கூட்டித் துடைத்து ஒப்படைப்போம். தூண்களில் இருந்த இரும்பு ஆணிகள் எல்லாம் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது, கிடாரத்தின் பிடிகள் மட்டும்தான் பாக்கி. ஒரு சனிக்கிழமை வேலை. தங்களுக்கும் ஒரு குறடு எடுத்து வைத்திருக்கிறோம். சீமெந்து குழைத்த கை, பிடி கழற்ற மறந்திருக்காது.

கெல்லர் திறப்பு மூன்று கிழமையாக என்னிடம் இருந்தது. அதை நான் என் கொத்தில் கோர்க்கவில்லை. ஒரு நாளும் அதால் ஒரு கதவையும் திறக்கவில்லை. எனக்குத் தரப்பட்டதே தவிர, என்னுடையதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மனுவோடு அதைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன். சனிக்கிழமை வியாபாரியின் லொறி வந்து நின்றால், கதவைத் திறந்துவிட வேண்டியவர் தாங்கள்தான். அல்லது, புதன்கிழமையே அதைக் கொண்டுபோய்த் தேவமலர் அக்காவின் கையில் கொடுக்கலாம். அவரை வரவழைக்கும் பொறுப்பு என்னுடையது. சொதிக்குத் தேங்காய்ப்பால் அளவு தெரியவில்லை, வந்து ஒருக்கால் பார்த்துவிட்டுப் போங்கோ என்று சொல்லியிருக்கிறேன். அது பொய்யும் இல்லை.

தங்கள் குரலைப் புதன்கிழமை மதியம் எதிர்பார்த்து, அடுப்பில் மூன்றாவது வாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்,

(ஒப்பம்)
சிவகௌரி தபோதரன்

இடம்: ஹம்
திகதி: 11.05.2026

இணைப்புகள்:
1. நிறைத்துண்டுகள் இரண்டு, கணக்காளரின் கையொப்பத்தோடு.
2. சீமெந்துக் கட்டி ஒன்று, நாணயத்தோடு. கடித உறைக்குள் அடங்காதபடியால் றெஜினோல்ட் தங்கள் வாசலில் வைத்துள்ளார். இரண்டு கையாலும் தூக்கவும். மீதி ஐந்தும் கஜந்தி அக்கா கேட்டால் மட்டும் தரப்படும்.
3. கெல்லர் அறைத் திறப்பு.